கொடி ஏலம்

மேடைக்கு அப்பால் – 11

சென்ற அத்தியாயத்தில் நெல்லி மெல்பாவை லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில், அவருக்கென்றே ஒதுக்கப்பட்ட ஒப்பனை அறையில் விட்டுவிட்டு வந்தோம். வேறு எந்தப் பாடகியும் கால் வைக்க முடியாத அறை அது. பாடகர் கரூசோவுக்கு எவ்வளவு கொடுக்கிறார்களோ அதைவிட ஒரு பவுண்டாவது கூடுதலாகத் தனக்கு வேண்டும் என்று அவர் அடம்பிடித்த கதை அன்றைய லண்டனில் எல்லோருக்கும் தெரியும். கதையை நம்பாதவர்கள் கிராமபோன் கடைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். 1904-இல் வெளிவந்த மெல்பாவின் இசைத்தட்டுகளுக்குத் தனியாக இளம் ஊதா நிறத்தில் ஒரு லேபிள் அடித்தார்கள். இத்தாலியப் பாடகர் தமான்யோவின் தட்டு ஒரு பவுண்டு, அதாவது 20 ஷில்லிங். மெல்பாவின் தட்டு ஒரு கினி, 21 ஷில்லிங்.

அந்த ஒரு ஷில்லிங்கை வாசகர்கள் மறந்துவிட வேண்டாம். இந்த அத்தியாயம் முழுக்க அதைப் பற்றித்தான். தன் விலை என்ன என்பதைப் பைசா சுத்தமாக அறிந்திருந்த ஒரு பெண், நான்கு ஆண்டுகள் அந்த விலையை வசூலித்து வேறு யாருடைய பையிலோ போட்டதன் கதை இது.

1914 ஆகஸ்டில் ஐரோப்பா தீப்பிடித்தது. போர் மெல்பாவை ஆஸ்திரேலியாவில் பிடித்து நிறுத்தியது. அப்போது அவருக்கு 53 வயது. மெல்பர்ன் நகருக்கு வெளியே கோல்ட்ஸ்ட்ரீம் என்ற ஊரில் நிலம் வாங்கி, கூம்ப் காட்டேஜ் என்று பெயரிட்டு வீடு கட்டிக் குடியேறி இரண்டு ஆண்டுகளாகியிருந்தன. ‘காட்டேஜ்’ என்ற பெயரைக் கேட்டுக் குடிசை என்று எண்ணிவிடாதீர்கள். சுற்றிலும் தோட்டமும் பண்ணையுமாக இருந்த மாளிகை அது. லண்டனில் கோவென்ட் கார்டன் மூடப்பட்டது. பாடகி பட்டி பாடிய அந்த அரங்கை அரசாங்கம் எடுத்துக்கொண்டு மேசை நாற்காலி அடுக்கி வைக்கும் கிடங்காக்கியது. ஒப்பனை அறை, சாவி, சம்பளத் தகராறு எல்லாம் ஒரே மாதத்தில் பொருளற்றுப் போயின.

மற்ற பாடகிகள் என்ன செய்தார்கள்? சிலர் ஓய்ந்தார்கள், சிலர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். மெல்பா ஏலக்காரி ஆனார்.

அதே ஆகஸ்டில் ஆஸ்திரேலிய கவர்னர் ஜெனரலின் மனைவி லேடி ஹெலன் மன்ரோ ஃபெர்குசன் அங்கே செஞ்சிலுவைச் சங்கத்தின் கிளையைத் தொடங்கினார். ஊர் ஊராகப் பெண்கள் கூடிக் காலுறை பின்னினார்கள், கட்டுத்துணி கிழித்தார்கள். மெல்பாவிடம் ஊசி நூல் கிடையாது, பெயர் இருந்தது. கச்சேரி வைத்து டிக்கெட் வசூலைக் கொடுப்பது எல்லோரும் செய்வது. அவர் அதோடு நிற்கவில்லை. நிகழ்ச்சி முடிந்து, வழக்கம்போல் கடைசிப் பாட்டும் பாடி, ஜனங்கள் கைதட்டி எழுந்து சால்வையைத் தேடும் நேரத்தில், நேச நாடுகளின் கொடிகளைக் கையில் பிடித்துக்கொண்டு மேடை விளிம்புக்கு வருவார். ஒவ்வொரு கொடியாக ஏலம் விடுவார். பெல்ஜியம் கொடி என்ன விலை? பிரான்ஸ் கொடிக்கு யார்?

இதில் உள்ள சாமர்த்தியத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு துணித் துண்டுக்கு மதிப்பே இல்லை. ஆனால் அரங்கின் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் கம்பளி வியாபாரிகள், சுரங்க முதலாளிகள், வங்கிக்காரர்கள். ஒருவரை ஒருவர் நன்றாகத் தெரிந்தவர்கள். மேடையில் நிற்கும் அம்மாள் அதில் பாதிப் பேரின் வீட்டில் விருந்து சாப்பிட்டவர். பெயர் சொல்லி அழைப்பார். ‘பக்கத்து வரிசையில் இருப்பவர் இவ்வளவு சொல்கிறாரே, நீங்கள் சும்மா இருக்கிறீர்களே’ என்ற பார்வை ஒன்று போதும். உண்டியலில் காசு போடாமல் நழுவிவிடலாம். உலகப் புகழ்பெற்ற பாடகி ஊரறியக் கேட்கும்போது நழுவ முடியுமா? நம் ஊர்க் கல்யாண வீட்டில் மொய் எழுதும்போது ஒலிபெருக்கியில் பெயரையும் தொகையையும் அறிவிப்பார்களே, அந்த உளவியல்தான்.

இந்த வித்தையை அவர் எங்கே கற்றார்? சங்கீத ஆசிரியர்களிடம் அல்ல. அதற்குப் பழைய கதையைச் சற்றே திருப்பிப் பார்க்க வேண்டும். முந்தைய அத்தியாயங்களைப் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

பின்னாளில் மெல்பா ஆன ஹெலன் போர்ட்டர் மிட்செல் 1861 மே 19 அன்று மெல்பர்னின் ரிச்மண்ட் பகுதியில் பிறந்தார். அப்பா டேவிட் மிட்செல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த கட்டடக் காண்டிராக்டர். மெல்பர்னின் ஸ்காட்ஸ் சர்ச், 1880-இல் திறக்கப்பட்ட கண்காட்சி மாளிகை எல்லாம் அவர் கை வேலை. லில்லிடேலில் சுண்ணாம்புக் கல் குவாரி, அப்புறம் சிமெண்ட். கணக்கில் கறார் பேர்வழி. மகள் மேடையேறுவதில் துளியும் விருப்பமில்லாதவர். மகளோ சொரெண்டோ என்ற கடற்கரை ஊரில் இடுகாட்டு வேலியைப் பழுதுபார்க்க ஒரு கச்சேரி நடத்தி, பசை வாளியும் கையுமாகத் தானே போஸ்டர் ஒட்டினார் என்று ஒரு கதை உண்டு. உண்மையோ, பின்னால் சேர்ந்த அலங்காரமோ, அவருடைய குணத்துக்குப் பொருந்தி வருகிற கதை.

1882-இல் கல்யாணம். மாப்பிள்ளை சார்லஸ் ஆர்ம்ஸ்ட்ராங், குயின்ஸ்லாந்தின் மெக்காய் பகுதியில் கரும்புத் தோட்டம் பார்த்துக்கொண்டிருந்தவர். அடுத்த ஆண்டே ஜார்ஜ் என்ற ஆண் குழந்தை. தகரக் கூரையில் ஓயாத மழை, வீட்டுக்குள் பூச்சியும் பாம்பும், பியானோவில் பூஞ்சை. சில மாதங்களில் குழந்தையோடு மெல்பர்னுக்குத் திரும்பிவிட்டார். 1886-இல் லண்டனில் நடந்த காலனி மற்றும் இந்தியக் கண்காட்சிக்கு விக்டோரியா மாகாணத்தின் பிரதிநிதியாக அப்பா கப்பலேறியபோது கூடவே போனார். பாரிஸில் மத்தில்த் மார்க்கேசி அம்மையாரிடம் மாணவியானார். சொந்த ஊரான மெல்பர்னின் பெயரை ஒடித்து ‘மெல்பா’ என்று வைத்துக்கொண்டார். 1887 அக்டோபர் 13 அன்று பிரஸ்ஸல்ஸ் நகரில் ‘ரிகலெட்டோ’ ஓபராவில் கில்டாவாக முதல் மேடை. அமோக வெற்றி.

அடுத்த ஆண்டு லண்டன். அங்கே பிரஸ்ஸல்ஸ் மாதிரி நடக்கவில்லை. குரல் நன்றாக இருக்கிறது என்றார்கள், அவ்வளவுதான். கோபித்துக்கொண்டு திரும்பிவிட்டார். திரும்ப அழைத்து வந்தவர் லேடி டி கிரே என்ற சீமாட்டி. கோவென்ட் கார்டனின் பாக்ஸ் இருக்கைகளைப் பருவம் முழுதுக்கும் பிடித்துவைத்த பிரபுக் குடும்பங்கள் எல்லாம் அந்த அம்மாளின் வட்டம். அவர் தலையசைத்தால் பாக்ஸ்கள் நிறையும். 1889-இல் பாடகர் ஜான் தெ ரெஸ்கெயுடன் ‘ரோமியோவும் ஜூலியட்டும்’ பாடியபோது அதே லண்டன் மெல்பாவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. ஒரே வருடத்தில் குரல் மாறிவிடவில்லை. யார் சிபாரிசு செய்தார்கள் என்பதுதான் மாறியிருந்தது. மெல்பா அந்தப் பாடத்தை வாழ்நாள் முழுக்க மறக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

அதன்பின் பாட்டுக்குச் சமமாக வரவேற்பறைகளையும் ஆளத் தொடங்கினார். கிரேட் கம்பர்லேண்ட் பிளேஸில் வீடெடுத்து, பிரான்சிலிருந்து ஆட்களை வரவழைத்து வெர்சாய் பாணியில் அலங்கரித்தார். விக்டோரியா மகாராணிக்கும் ரஷ்ய ஜாருக்கும் பாடினார். பிரெஞ்சு அரியணைக்கு உரிமை கோரிய ஓர்லியான் கோமகன் பிலிப்புடன் காதல், பத்திரிகைகளில் நாறியது, ஆர்ம்ஸ்ட்ராங் விவாகரத்து வழக்குப் போட்டு, பிறகு கைவிட்டார். 1900-இல் டெக்சஸில் ஒருவழியாக மணமுறிவு. மகனைக் கணவர் அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்விட்டதால் ஆண்டுக்கணக்கில் தாய்க்கும் பிள்ளைக்கும் முகம் பார்க்க முடியவில்லை. இவ்வளவு அவதூறையும் தாண்டி எந்தச் சீமாட்டியின் கதவும் அவருக்கு அடைபடவில்லை. சவாய் ஹோட்டல் சமையல் மேதை எஸ்கோஃபியே, ‘லோஹெங்கிரின்’ ஓபராவில் வரும் அன்னத்தைப் பனிக்கட்டியில் செதுக்கி, அதில் பீச் பழத்தையும் வெனிலா ஐஸ்கிரீமையும் வைத்து அவருக்குப் பரிமாறியதும் அந்தக் காலத்தில்தான். இன்றும் ஹோட்டல் மெனுவில் ‘பீச் மெல்பா’ இருக்கிறது. அதைச் சாப்பிடுகிறவர்களில் எத்தனை பேர் அவர் பாட்டைக் கேட்டிருப்பார்கள்?

ஆக, 1914-இல் மேடை விளிம்பில் கொடியோடு நின்ற பெண் கால் நூற்றாண்டு காலம் பணக்காரர்களைப் பக்கத்திலிருந்து படித்தவர். அவர்கள் எதற்குச் செலவழிப்பார்கள், யார் பார்த்தால் செலவழிப்பார்கள், எப்போது வெட்கப்படுவார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. சீமாட்டிகளின் வரவேற்பறையில் சேர்த்த முதலை அவர் செஞ்சிலுவைக்காகச் செலவழித்தார். அவரைப் பற்றி எழுதுகிற பலர் ‘ஆடம்பரப் பிரியை’ என்று ஒரு பக்கமும் ‘தேசபக்தை’ என்று இன்னொரு பக்கமும் பிரித்து வைத்துப் பேசுகிறார்கள். எனக்கு அந்தக் கோடு தெரியவில்லை. முதலாவது இல்லாமல் இரண்டாவது நடந்திருக்காது.

போர்க்கால ஆஸ்திரேலியாவுக்கும் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் கப்பல் எம்டனை நமக்கெல்லாம் தெரியும். நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே அதைச் சிதைத்துக் கரைதட்ட வைத்தது ‘சிட்னி’ என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல். ஆஸ்திரேலியக் கடற்படையின் முதல் பெரிய வெற்றி அது. போர் எங்கோ ஐரோப்பாவில் நடக்கிறது என்றிருந்த ஜனங்களுக்கு அது தங்கள் சொந்தப் போராக மாறிய மாதங்கள் அவை. மெல்பாவின் ஏலங்கள் சூடுபிடித்ததற்கு அந்த மனநிலையும் காரணம்.

பெல்ஜியத்தின் மேல் மெல்பாவுக்குத் தனிப் பாசம். ஜெர்மானியப் படை மிதித்துப் போன அந்தச் சிறு நாட்டின் தலைநகரம்தானே அவரை முதன்முதலில் பாடகி என்று ஒப்புக்கொண்டது. 1915-இல் ‘மெல்பாவின் பரிசுப் புத்தகம்’ என்றொரு தொகுப்பு வெளிவந்தது. ஆஸ்திரேலிய ஓவியர்களும் எழுத்தாளர்களும் தந்த படைப்புகள். லாபம் பெல்ஜிய நிவாரணத்துக்கு. உள்ளே இருப்பது யார் எழுத்தானாலும் அட்டையில் விற்பது மெல்பா என்ற ஐந்து ஆங்கில எழுத்துதான்.

பிறகு கடல் கடந்தார். போர்க்காலத்தில் மட்டும் மூன்று முறை வட அமெரிக்கச் சுற்றுப்பயணம். பசிபிக் கடலில் எதிரிக் கப்பல்களின் பயம் இருந்த காலம். அமெரிக்கா 1917 ஏப்ரல் வரை போரில் சேராத நாடு. அங்கே நேச நாடுகளுக்காகப் பணம் கேட்பது கனடாவில் கேட்பது மாதிரி சுலபமல்ல. ஆனாலும் கேட்டார், கிடைத்தது. இடையில் 1916-இல் அப்பா காலமானார். ஊருக்குத் திரும்பும்போதெல்லாம் மெல்பர்ன் ஆல்பர்ட் தெரு இசைப் பள்ளியில் பெண்களுக்குச் சம்பளம் வாங்காமல் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். ஏலக்காரி, ஆசிரியை, விருந்து கொடுக்கும் எஜமானி என்று ஒரே வாரத்தில் மூன்று வேடமும் கட்ட அவரால் முடிந்தது.

மொத்தம் எவ்வளவு திரட்டினார்? ஒரு லட்சம் பவுண்டு வரை என்று கணக்குச் சொல்கிறார்கள். இந்தத் தொகையின் கனம் இன்று நமக்குப் புரியாது. அன்றைய ஆஸ்திரேலியச் சாதாரணச் சிப்பாயின் கூலி நாளுக்கு 6 ஷில்லிங். பேரரசிலேயே நல்ல சம்பளம் என்று பிரிட்டிஷ் சிப்பாய்கள் பொறாமைப்பட்ட கூலி. அந்தக் கூலியில் பார்த்தால் ஒரு லட்சம் பவுண்டு என்பது மூன்று லட்சத்து முப்பதாயிரம் நாள் சம்பளத்துக்கு மேல். ஒரு தனிப் பெண், தொண்டையையும் நாக்கையும் வைத்துச் சம்பாதித்தது.

இதில் அவருக்கு லாபமே இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. இருந்தது. ஓபரா அரங்குகள் மூடிக் கிடந்த காலத்தில், குரல் இறங்கத் தொடங்கும் வயதில், அவர் பெயர் தினமும் பேப்பரில் வந்துகொண்டிருந்தது. 1917-இல் புதிதாக ஏற்படுத்திய பிரிட்டிஷ் பேரரசு விருதில் 1918 மார்ச்சில் அவருக்கு ‘டேம்’ பட்டம் கிடைத்தது. மேடைக் கலைஞர்களில் அந்தப் பட்டம் பெற்ற முதல் சிலரில் ஒருவர். பாட்டுக்காகக் கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். போர் நிதித் தொண்டுக்காகக் கொடுத்தார்கள். முப்பது ஆண்டுகள் அரசர்கள் முன்னால் பாடியும் வராத பட்டம் கொடி விற்றதும் வந்தது. இதெல்லாம் தெரிந்துதான் செய்தாரா? தெரியாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். மருத்துவமனைப் படுக்கையில் கிடந்த சிப்பாய்க்குக் கட்டுத்துணி எந்த நோக்கத்தில் வந்தது என்பதில் அக்கறை இருந்திருக்காது.

ஆனால் நல்லவராகவே அவரை வரைந்துவிட எனக்கு இஷ்டமில்லை. 1919 மே மாதம் கோவென்ட் கார்டன் மறுபடி திறந்தது. கிடங்குத் தூசி துடைத்த மேடையில் ‘லா போஎம்’, மிமியாக மெல்பா. அரசரும் அரசியும் வந்திருந்தார்கள். மெல்பாவின் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் என்ன தெரியுமா? முன்வரிசைகளில் வைர நகைகளும் வால்கோட்டும் மின்னிய இடத்தில் பழுப்பு நிறச் சாதாரணக் கோட்டு போட்ட ஆண்கள் உட்கார்ந்திருந்தது. அந்த ஏக்கத்தை நினைவுக் குறிப்பிலும் எழுதி வைத்தார். அந்தக் கோட்டுகளுக்குள் இருந்தவர்களில் எத்தனை பேர் போர்முனையிலிருந்து அப்போதுதான் திரும்பியவர்களோ! யாருக்காக நான்கு வருடம் ஏலம் விட்டாரோ அவர்களே பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது அவருக்குப் பழைய நகைகள் ஞாபகம் வந்தன.

என்றாலும் மூன்றே ஆண்டில் அதே பெண் மெல்பர்னிலும் சிட்னியிலும் ‘மக்களுக்கான கச்சேரி’ என்று குறைந்த கட்டணத்தில் பாடினார். சுமார் 70,000 பேர் கேட்டார்கள். இவரை ஒரு வரியில் அடக்கிவிட முடியாது என்று இதற்காகத்தான் சொல்கிறேன். 1920 ஜூன் 15 அன்று செல்ம்ஸ்ஃபோர்டில் மார்க்கோனி நிறுவனத்தின் ஒலிபரப்பியிலிருந்தும் பாடினார். ஏற்பாடு ‘டெய்லி மெயில்’ பத்திரிகை. ஐரோப்பாவில் பல இடங்களில் கேட்டதாகச் செய்தி வந்தது. வானொலி என்ற சொல்லே பழகாத காலம்.

அடுத்த பத்தாண்டை விரைவாகக் கடந்துவிடலாம். 1925-இல் நினைவுக் குறிப்புகள்; எழுதிக் கொடுத்தவர் பெவர்லி நிகோல்ஸ் என்ற இளைஞர். மெல்பா இறந்த மறு வருடமே, வயதாகிப் பொறாமையில் வேகும் ஒரு பாடகியை நாயகியாக்கி அவர் நாவல் வெளியிட்டார். யாரைப் பார்த்து எழுதினார் என்று யாரும் விசாரிக்கவில்லை. 1926 ஜூன் 8 கோவென்ட் கார்டனில் பிரியாவிடை. 1927-இல் கான்பெராவில் நாடாளுமன்றக் கட்டடத் திறப்பு விழாவில் தேசிய கீதம் பாடினார். 1928-இல் சிட்னியில் பிரியாவிடை, மெல்பர்னில் பிரியாவிடை, ஜீலாங்கில் பிரியாவிடை. இத்தனை பிரியாவிடை சொன்ன ஒருவரை ஆஸ்திரேலியர்கள் கிண்டல் செய்யாமல் விடுவார்களா? போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பத் திரும்ப வருகிறவர்களை இன்றும் அங்கே மெல்பாவோடு ஒப்பிடுகிறார்கள்.

1931 பிப்ரவரி 23 அன்று சிட்னியில் ரத்தத்தில் நஞ்சேறி இறந்தார். அப்பா கட்டிய ஸ்காட்ஸ் சர்ச்சில் இறுதி வழிபாடு. அப்பாவின் குவாரி இருந்த லில்லிடேலில் அடக்கம். கல்லறையில் மிமி விடைபெறும் வரி. உயிலில் ஆல்பர்ட் தெரு இசைப் பள்ளிக்கு 8,000 பவுண்டு, பாட்டுப் படிக்கும் மாணவிக்கு உதவித்தொகை கொடுக்க. இன்றைய ஆஸ்திரேலிய 100 டாலர் நோட்டின் ஒரு பக்கத்தில் மெல்பா, மறுபக்கத்தில் முதல் உலகப்போர்த் தளபதி ஜான் மோனாஷ். மோனாஷ் போருக்கு முன் எஞ்சினியர். 1905-இல் அவர் தொடங்கிய கான்கிரீட் கம்பெனியில் பங்காளி டேவிட் மிட்செல். நோட்டை வடிவமைத்தவர்கள் இதை எண்ணிச் செய்தார்களா, தெரியவில்லை. கணக்கில் கறாரான அந்தக் கிழவர் இருந்திருந்தால் ரசித்திருப்பார்.

போர் நிதி திரட்டி ‘டேம்’ பட்டம் வாங்கிய பாடகி மெல்பா ஒருவர் அல்ல. 1920-இல் அதே பட்டம் இங்கிலாந்தின் கிளாரா பட்டுக்குப் போனது. ஆறடிக்கு மேல் உயரம், இடி மாதிரிக் கீழ்க்குரல். 1928-இல் வெளிவந்த கிளாராவின் வாழ்க்கை வரலாற்றில் ஒரு சமாச்சாரம் இருந்தது. தான் முதன்முதலில் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டபோது, அந்த ஊர்க்காரர்களுக்குக் குப்பைப் பாட்டுப் பாடினால் போதும், அதுதான் புரியும் என்று மெல்பா அறிவுரை சொன்னாராம். சொந்த ஊரில் பிரியாவிடை நடத்திக்கொண்டிருந்த மெல்பா கொதித்துப் போனார். நான் சொல்லவே இல்லை என்று மறுத்தார். பதிப்பாளர்கள் அந்தப் பகுதியை நீக்க வேண்டியதாயிற்று. இருவரில் யாரை நம்புவது? கிளாராவின் கதையை அந்தச் சண்டையிலிருந்தே தொடங்குவோம்.

(தொடரும்)